கிடைக்காத குப்பி

களியக்காவிளையில் பஸ் மாறி
பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி
திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு
இது பதினோராவது பயணம்.
வெறும் வயிறு. மடியில் ஸ்கேன் உறை.

முதல் தடவை டாக்டர் கேட்டது ஒரே வார்த்தை:
"கழிக்குமோ?"
அவர் மொழியில் அது குடிப்பது.
என் மொழியில் வெளியே போவது.
இரண்டுக்கும் சேர்த்து
குறுக்கும் நெடுக்குமாகத் தலையாட்டினேன்.
கக்கூஸ் தண்ணீரில் மிதக்கிற எண்ணெய்ப் பாடையை
எந்த மொழியில் சொன்னாலும் கூச்சம்தான்.

கணையத்துக்குள் கல் என்றார்.
படத்தில், வெள்ளம் வடிந்த ஓடையில்
வெள்ளாரங்கற்கள் கிடப்பதுபோல் கிடந்தன.

முப்பத்துநாலு வயது. தையல் கடை.
ரட்சணிய சேனைக் கோயிலில்
ஞாயிறுதோறும் டம்பரின் அடிக்கிறவள்.
என் நாக்கில் பட்ட ஒரே சாராயம்
ஹோமியோ சொட்டு மருந்து.

அப்பாவுக்கு அப்போது முப்பத்தாறு.
ரப்பர் வெட்டப் போன காலையில்
பால் நிறைந்து வழிந்த சிரட்டைக்குக் கீழே
முழங்காலை வயிற்றில் அழுத்திக் கிடந்தார்.
"ஏசுவடியான் குடிச்சுக் கொடலு வெந்து செத்தான்."
ஊர் சொன்னது. சபையும் சொன்னது.
அடக்க ஆராதனையில் மேஜர்
கெட்ட குமாரன் கதையைத் தேடி வாசித்தார்.

அம்மா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை.
தேடினாள்.
தொழுவத்து ஓலைச் செருகலில்,
ஷீட் உலர்த்தும் புகைப்புரையில்,
மரச்சீனி மூட்டைத் தோண்டி,
கிணற்றுக்குள் பாதாளக் கரண்டி போட்டு.
குப்பி கிடைக்கவில்லை.
கிடைக்கக் கிடைக்காமல்
அப்பா பெரிய தந்திரக்காரர் ஆகிக்கொண்டே போனார்.

என் ரத்தம் ஹைதராபாத் போய்
மூன்று வாரத்தில் ஒரு தாளாகத் திரும்பியது.
கணையம் சுரப்பது ஒரு கத்தி என்றார் டாக்டர்.
உறையோடு கிளம்ப வேண்டும்,
குடலின் எல்லை கடந்த பிறகே உருவ வேண்டும்.
முந்தி உருவினால் கையைப் பிடிக்க
உள்ளேயே ஒரு காவல்.
அந்தக் காவலை எழுதிய இடத்தில்
எனக்கு ஓர் எழுத்து பிசகியிருக்கிறது.

செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான்.
காவல் கண்ணயர்ந்தால்
என்னவெல்லாம் கடக்கும் என்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"அப்போ மரச்சீனி?"
அதையும் ஒரு காலம் பழி சொன்னார்களாம், உறுதியில்லையாம்.
இதே பிசகோடு எண்பது வயதிலும்
கல்யாணப் பந்தியில் இரண்டாம் பாயசம் கேட்கிறவர்கள் உண்டாம்.
தீர்ப்பு இல்லை இது, ஒரு சரிவு.
பிறகு தாளைத் திருப்பி, பேனாவால் இரண்டு தடவை தட்டினார்.
"ஒந்நு அச்சன்றெ. ஒந்நு அம்மயுடெ."

வீட்டில் பாதித் தாளைத்தான் வாசித்தேன்.
"அப்பா குடிக்கல்லம்மா. ரெத்தத்துல உள்ளதாக்கும்."

அம்மா அயிலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.
சட்டுவத்தை அப்படியே விட்டாள்.
ஒரு பக்கம் கருகுகிற வரைக்கும் பேச்சில்லை.
"அப்பம், நான் தேடினது?"

பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே:
"சாவதுக்கு முந்தின ராத்திரி
உறங்கும்ப வாயை மணத்திப் பாத்தேன், மக்களே.
ஒரு மணமும் இல்ல.
ஏலக்கா மென்னிருப்பாருன்னு நெனச்சேன்."

கருகிய மீனைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.
அறுபத்தொரு வயது. முள்ளைத் தவிர எல்லாம் செரிக்கும்.
"ஒனக்கு அவரு தந்தது இதுதானா" என்றாள்.
"ஆமா" என்றேன்.
மற்றப் பாதியை மாத்திரைக் கவருக்குள் மடித்து வைத்தேன்.

என் மகன் ஜெரின் பாயில் சுருண்டு கிடக்கிறான்,
முழங்கால் வயிற்றைத் தொட.
எட்டு வயதுப் பிள்ளைகள் எல்லாம்
இப்படித்தான் உறங்கும்.
லைட்டைப் போட்டு
பைய அவன் காலை நீட்டிவிடுகிறேன்.

உறக்கத்திலேயே
மறுபடி மடக்கிக்கொள்கிறான்.