முன் எட்டு, பின் ஏழு

பெட்டியில் வந்தது முன்னே பத்து, பின்னே ஐந்து.
ஒரு மில்லிமீட்டர் அமுங்க இத்தனை கிலோ என்று
சுருளின் வயிற்றில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது.
"ஸ்போர்ட்ஸ் வண்டின்னா இதாம்மா" என்றார்
புதுப்பேட்டையில் விற்றவர்.
என் வண்டிக்கு ஞாயிறு மட்டும் இருங்காட்டுக்கோட்டை.
மற்ற ஆறு நாளும் வானகரம் சிக்னல்.

முதல் நாளே தெரிந்துவிட்டது.
மதுரவாயலில் யாரோ ராவோடு ராவாகப் போட்டுவிட்டுப் போன
பெயின்ட் அடிக்காத வேகத்தடை.
முன்பக்கம் ஒரே குத்து, அதோடு முடித்துக்கொண்டது.
பின்பக்கம் மெதுவாக வந்து
ஏறி, இறங்கி, மறுபடி ஏறி
தலையாட்டிக்கொண்டே இருந்தது,
சண்டை முடிந்தபிறகு பந்தலுக்குள் வந்து
"என்னாச்சு, என்னாச்சு" என்கிற சித்தப்பா மாதிரி.
பக்கத்து சீட்டில் பெனடிக்ட்
கதவுப் பிடியை விடவில்லை.
ஒன்றும் சொல்லவும் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட், தணிகாசலத்தின் ஷெட்.
நான்கு சக்கரத்துக்கும் நான்கு தராசு.
ஆளுக்குப் பதில் பொன்னி அரிசி மூட்டை:
எனக்கு இரண்டு, பெனடிக்ட்டுக்கு மூன்று.
பெல்ட் போட்டு உட்காரவைத்தோம்.
"சார் இன்னும் எழுபத்தஞ்சு தானா?"
"போன வருஷம்."
"இப்போ?"
மூன்றாவது மூட்டையின் தையலைப் பிரித்து
பாதியை ஒரு வாளியில் கொட்டினேன்.
தணிகாசலம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூலைக்கு இருநூற்றைம்பது, ஏறக்குறைய.
சுருளில் எழுதியிருப்பது சக்கரத்துக்குத் தெரியாது.
நடுவில் ஒரு கை நெம்புகிறது.
முன்னே எட்டு போட்டால் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது நாலு.
பின்னே ஏழு போட்டால் நாலரை.
சின்ன எண்தான் இங்கே கெட்டி.
சாக்பீஸில் தரையில் எழுதி
செருப்பால் அழித்து மறுபடி எழுதினோம்.

பள்ளம் முதலில் முன்சக்கரத்துக்குத்தான்.
நாற்பதில் போனால்
ஐந்தில் ஒரு நொடி கழித்துப் பின்சக்கரத்துக்கு.
அதனால் பின்னது
கொஞ்சம் சீக்கிரமாக ஆட வேண்டும்.
தாமதமாகத் தொடங்கியது
ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டால்
இரண்டும் ஒன்றாக அடங்கும்.
இல்லையென்றால் ஒன்று நின்றபிறகும்
மற்றது ஆடிக்கொண்டிருக்கும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு
நீ ஐந்து நாள் ஆபீஸ் போய்வந்தாய்.
சிறுசேரி போகிற பஸ்ஸில், ஜன்னலோரம்,
யாரும் பார்க்காமல் உன் ஆட்டத்தை ஆடி முடித்தாய்.
ஆறாம் நாள் ராத்திரி சொல்லும்போது
குரல் சமனாக இருந்தது.
கரண்ட் பில் கட்டிவிட்டேன் என்பதுபோல.
எனக்கு அப்போதுதான் சக்கரம் ஏறுகிறது.
"ஏன் இப்படிக் கத்துற?" என்று கேட்டாய்.
உனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

எட்டு, ஏழு என்று ஆர்டர் கொடுத்தேன்.
"பின்பக்கம் வழுக்கும், மூணாவது வளைவுல பாத்துக்கோங்க,"
தணிகாசலம் பின் ஸ்டெபிலைசர் கம்பியைக் கழற்றி
பழைய டயருக்குள் செருகிவைத்தார்.
டயலைத் திருப்பினால் சரியாகாதா என்று கேட்டேன்.
"அது ஆட்டத்தை நிறுத்துமே தவிர
வெயிட்டைத் தாங்காது."

மாட்டி முடிக்க மணி எட்டாகிவிட்டது.
வாளி அரிசியை அவரே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.
வழியில் உன்னை ஏற்றிக்கொண்டேன்.
ஆஸ்பத்திரி ஃபைல் உன் மடியில்,
அதன்மேல் ஒரு பொட்டலம் வேர்க்கடலை.

மதுரவாயல் வேகத்தடைக்கு
யாரோ பெயின்ட் அடித்திருந்தார்கள்.
இந்தமுறை தூரத்திலேயே தெரிந்தது.
நீ கதவுப் பிடிக்குக் கை நீட்டினாய்.
நான் நாற்பதிலேயே போனேன்.

முன்.
பின்.

கடலை ஒன்றிரண்டு கீழே உருண்டது.
குனிந்து தேடியபடி,
"இன்னொரு தடவ போயேன்" என்றாய்.
யூ டர்ன் போட
ஒன்றரை கிலோமீட்டர் போகவேண்டும்.
போனோம்.