நடவடிக்கைக் குறிப்பு

தம்பேரேயில் பனி அக்டோபரிலேயே வந்துவிடும்.
கம்பெனியின் பெரிய முடிவுகள்
வியாழன் மாலை ஏரிக்கரைச் சவுனாவில் எடுக்கப்படும்.
ஆண்கள் மட்டும். ஆடையில்லை.
குறிப்பெடுக்கவும் ஆளில்லை.
சூடான கல்லில் தண்ணீர் ஊற்றுவார்கள்,
ஆவி எழும்,
யாரோ ஒருவர் ஒரு தொழிற்கூடத்தை மூடிவிடுவார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள்
எல்லாம் வெந்து வந்துவிடும்.
வெந்தபின் உலை வைக்கிற வேலை எனக்கு:
‘விவாதிக்கப்பட்டது. ஏற்கப்பட்டது.’
பதினேழு வருடம்
நடக்காத விவாதங்களை
நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

கொள்முதல் தலைமைக்கு நானும் விண்ணப்பித்தேன்.
கிடைத்தது சைஜாவுக்கு.
என்னைவிட ஒன்பது வயது இளையவள்,
இரும்பு உருளையைத் தட்டிப் பார்த்தே
விலை சொல்லக்கூடியவள்.
அன்றிரவு நான்
பூனையிடம்கூடப் பேசவில்லை.

அதே மாதம் மனிதவளத் துறை
பெண்களுக்கென வழிகாட்டித் திட்டம் ஒன்று தொடங்கியது.
ஊதா நிறக் குறிப்பேடு, புளுபெர்ரி கேக்,
‘உங்கள் குரலைக் கண்டடையுங்கள்’ என்று ஒரு பேச்சாளர்.
என் குரல் தொலைந்ததே இல்லை, அம்மணி.
அது இருந்த இடத்தில்தான் இருந்தது.
கேட்க வேண்டிய காதுகள்
ஏரிக்கரையில் குளித்துக்கொண்டிருந்தன.

சைஜாவின் மூன்றாவது வெள்ளிக்கிழமை.
“உலர்த்தி உருளைகள் ஸ்வீடன்காரர்களுக்கு.
பேசி முடித்தாயிற்று” என்றார் ரைமோ.
அடுத்த தாளை எடுக்கவும் செய்தார்.
சைஜா என் பக்கம் திரும்பினாள்.
“எந்தக் கூட்டத்தில், ஹெல்யா?
பக்க எண் சொல்லுங்களேன்.”

ஹீட்டரின் முனகல் கேட்டது.
கோப்பைப் புரட்டினேன்.
புரட்டத் தேவையே இல்லை, தெரியும்;
இருந்தும் ஒவ்வொரு தாளாக,
எச்சில் தொட்டு, மெதுவாக.
“இல்லை” என்றேன்.

“அப்படியானால் அது நடக்கவில்லை. இப்போது பேசுவோம்.
போன தடவை அவர்கள் தாமதித்தபோது
நட்டக் கணக்குப் போட்டது ஹெல்யாதான்.”
என் பேனாவை வாங்கி
மேசைமேல் ரைமோ பக்கம் உருட்டினாள்.
“அவர் பேசும்போது யாராவது எழுத வேண்டுமே.”

பதினோரு நிமிடம் பேசினேன்.
இரண்டாவதில் தொண்டை அடைத்தது.
ஆறாவதில் ரைமோ,
“கொஞ்சம் மெதுவாக” என்றார்,
“எழுதிக்கொள்கிறேன்.”
கோழி கிளறிய மண் மாதிரி எழுத்து.
நான் திருத்தவில்லை.
அப்படியே கோப்பில் வைத்தேன்.

ஒப்பந்தமா? ஸ்வீடன்காரர்களுக்கே போனது.
அபராத விகிதம் மட்டும் இரட்டிப்பாகி,
என் பெயருக்குக் கீழே.

நாங்கள் தோழிகளாகிவிடவில்லை.
அந்த நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டும்.
அவளிடமே சொன்னேன்,
கார் கண்ணாடியில் உறைபனி சுரண்டியபடி.
“இருக்கலாம்” என்றாள்.
“அடுத்தது காலியாகும்போது
நீங்கள் இல்லாத அறையில்
உங்கள் பெயரைச் சொல்லுவேன்.”
சுரண்டியை என்னிடம் நீட்டினாள்.
என் கண்ணாடியும் மூடித்தான் கிடந்தது.

இப்போது குறிப்பெடுப்பதில் முறை வைத்திருக்கிறோம்.
இந்த வாரம் ரைமோ;
பென்சில் சீவிக்கொண்டு வந்திருக்கிறார்.
வியாழன்களில் ஏரிக்கரையில்
இன்னும் ஆவி எழுகிறது.
வெறும் வியர்வைதான் என்கிறார்கள்.