ஆறு

ஆறு வெள்ளைக் காகித வில்லைகள்,
ஒவ்வொன்றிலும் ஊறிய ஒரு மருந்து.
ஜும்பெரின் சீழிலிருந்து வளர்ந்ததைப் பூசிய தட்டில்
நேற்று மாலை நானுலி
இடுக்கியால் வைத்துவிட்டுப் போனவை.

விடிந்தால் வட்டங்கள் இருக்க வேண்டும்.
மருந்தைச் சுற்றி எதுவும் முளைக்காத வெற்று நிலம்.
அதை ஸ்கேல் வைத்து அளப்பதுதான்
பதினெட்டு வருடமாக அவள் உத்தியோகம்,
குத்தாய்சி நகர மருத்துவமனையில்.
வந்த புதிதில் முப்பது மில்லிமீட்டர்.
பிறகு பதினாறு. பிறகு ஒன்பது,
அதுவும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்.

இன்று காகித விளிம்புவரை
பாசி மாதிரி வந்து ஒட்டி உட்கார்ந்திருக்கிறது.
ஐந்தாவது வில்லையின் மேலேயே
கொஞ்சம் ஏறியிருக்கிறது, திமிராக.

படிவத்தில் ஆறு முறை
ஆறு என்று எழுதினாள்.
ஆறு மில்லிமீட்டர் காகிதத்தின் சொந்த அகலம்.
மருந்து ஒரு மயிரிழைகூடச் சேர்க்கவில்லை.

கீழ்த்தளத்தில் ஜும்பெர்.
கமலா ஆரஞ்சு லாரி ஓட்டுகிறவன்.
கணுக்காலுக்கு மேல் பிப்ரவரியிலிருந்து மூடாத துளை.
"மூணு நாளில் காய்ச்சல் விட்டது,
மிச்ச மாத்திரையை மச்சானிடம் கொடுத்தேன்.
அவன் பன்றிக்குக் கொடுத்தான்.
பன்றி பிழைத்துவிட்டது."
சொல்லிவிட்டுச் சிரித்தான்.
நானுலியும் சிரித்தாள், என்ன செய்வது.
காலை எடுக்க வியாழக்கிழமை என்று
மேலே தேதி குறித்தாகிவிட்டது.

என் மொழியில் அந்த எண்ணுக்கும்
ஓடுகிற நீருக்கும்
புண்ணிடம் நாம் கெஞ்சுவதற்கும் ஒரே சொல்.
அவள் மொழியில் அப்படியில்லை.
அவள் வாளியை எடுத்துக்கொண்டு
பாலத்துக்குக் கீழே,
ஊர்ச் சாக்கடை ரியோனியில் கலக்கும் இடத்துக்குப் போனாள்,
மூக்கைப் பொத்தாமல்.
இத்தனை மருந்துக்குத் தண்ணி காட்டியதைத்
தின்று பிழைக்கும் ஏதோ ஒரு வைரஸ்
இந்தத் தண்ணியில்தான் இருக்க வேண்டும்,
இருந்தால்.

வடிகட்டினாள். சொட்டினாள். காத்திருந்தாள்.
செவ்வாய் ஒன்றுமில்லை.
புதன் காலை, மங்கலான அந்தப் படலத்தில்
குண்டூசித் தலையளவு ஒரு துளை:
கண்ணாடி தெரிந்தது.
யாரையும் கூப்பிடவில்லை.
ஸ்கேலை வைத்தாள். ஒன்று.

மதியம் மறுபடி பார்த்தபோது
துளையின் நடுவில் ஒரு புள்ளி,
வெள்ளையாக, ஈரமாக, தனியாக.
இதற்கும் பழகிவிட்ட ஒன்று.

வியாழனைத் திங்களாக்கச் சொல்லி
மாடிக்கு போன் போட்டாள்.
வாளி இன்னும் காயவில்லை.