வினையெச்சம்

கெர்ட்சர்ஸில் காலை ஐந்தே முக்கால்.
கொட்டகைக்குள் இருபத்திரண்டு பாகை.
வெளியே மூடுபனி
முட்டைக்கோசு வரிசைகளை அழித்துக்கொண்டிருக்கிறது.
பொத்தானை அழுத்துகிறேன்.
நாற்பது மீட்டர் தொட்டிக்கு அடியில்
கம்பிவலையை ஒட்டி ஓர் இரும்புத் தகடு
வடத்தில் இழுபட்டு நகரும்.
கறுப்பாய் உதிரும்.
ஈரக் கோப்பித்தூள் மாதிரி என்பார்கள்
பார்க்க வருகிறவர்கள்.
முகர்ந்தபின் சொல்லமாட்டார்கள்.

மேலே தீனி, கீழே அறுவடை.
நடுவில், இருட்டில், எட்டு லட்சம் வாய்கள்.
ரெகுலாவின் கணக்கு அது.
ஒரு பிடியை நிறுத்துப் பெருக்கியது.
பேர்ப்பதிவு கிடையாது,
என்னைப்போல் ஆண்டுக்கொருமுறை
அட்டை புதுப்பிக்கவும் வேண்டாம்.

இந்தக் கறுப்புக்கு என் மொழியில் எச்சம் என்று பெயர்.
கழித்தது எச்சம்.
மிஞ்சியதும் எச்சம்.
பெற்றுப்போட்ட பிள்ளையும் எச்சம்.
முடியாமல் நிற்கும் வினைச்சொல்லும் எச்சம்.
தெஸ்ஃபாய்க்கு இதை ஜெர்மனில் விளக்கப்போய்ப்
பாதியில் விட்டேன்.
அதுவும்தான்.

தின்று, ஊர்ந்து, கழித்து, தின்று,
ஊர்ந்து, கழித்து
என்று போகும் புழுவின் வாக்கியம்
முற்றுக்கு ஏங்குவதில்லை.

மூன்றாம் தொட்டி முற்றுப்பெற்றது
போன மார்ச்சில்.
லாயத்துக்காரி ஏபிஷர் வெள்ளியன்று போன் எடுத்தாள்:
சொல்ல மறந்துபோச்சு,
திங்களன்று எல்லாக் குதிரைக்கும்
பூச்சிமருந்து கொடுத்தோம்.
புதனன்றே சாணி வந்திருந்தது.
பரப்பி, ஈரம் தெளித்து, சாக்கு மூடி,
நான்தான் மூடினேன்.

குடலுக்குள் இருந்தால் பூச்சி.
தொட்டிக்குள் இருந்தால் வேலையாள்.
மருந்துக்கு வித்தியாசம் தெரியாது.

பத்து நாளில் மேல்மண் அசைவதை நிறுத்தியது.
கைவிட்டால் விரலைச் சுற்றுகிறவை
நூல்நூலாய்க் கிடந்தன.
மறுநாள் நூலும் இல்லை.
செத்த புழு கரைந்துவிடும்,
சாட்சிக்குக்கூட மிஞ்சாது.
பெர்ன் ரயில் கடந்து முடியும்வரை
ரெகுலா பேசாமல் நின்றாள்.
பிறகு பதினொரு டன் அள்ளினோம்.

அன்றிலிருந்து வாளி.
எந்தச் சாணி வந்தாலும்
தொட்டிக்குப் போகுமுன் வாளிக்குப் போகும்.
ஐம்பது புழு, மூடியில் ஊசித்துளைகள், நாலு இரவு.
ஐம்பதைப் பொறுக்குவது என் பொறுப்பு.
முதல் வாரம்
நோஞ்சானாய்ப் பார்த்துப் பொறுக்கினேன்.
நோஞ்சான் செத்தால்
எதனால் செத்தது என்று எப்படித் தெரியும்?
கேட்டவன் தெஸ்ஃபாய்.
சரிதான்.
இப்போது கொழுத்ததை எடுக்கிறேன்,
கழுத்துப்பட்டை தடித்ததை,
முட்டையிடக் காத்திருப்பதை.
எடுக்கையில்
வானொலியைச் சத்தமாய் வைக்கிறேன்.

இன்ஸிலிருந்து வந்த குவியல்
தார்ப்பாய்க்கு அடியில் ஆவிவிட்டபடி கிடக்கிறது.
நாலாம் இரவு முடிந்தது.
வெள்ளைத் தட்டில் வாளியைக் கவிழ்த்து
இறகால் ஒதுக்கி எண்ணுகிறேன்.
நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது.
மறுபடியும்.
நாற்பத்தொன்பது.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
உயிருடன், இறந்தது.
காணவில்லை என்று எழுத இடம் விடவில்லை
இதை அச்சடித்தவர்கள்.
எங்கள் ஊரில் நிறைய வேண்டியிருந்திருக்கும்
அப்படி ஒரு கட்டம்.

தட்டின் அடியைப் பார்த்தேன்.
கையுறையை உதறினேன்.
தெஸ்ஃபாய் தரையில் டார்ச் அடித்தான்.
நாற்பத்தொன்பதும் நல்லது, எழுது என்றான்.
எழுதவில்லை.

மூடியைத் திருப்பினேன்.
உள்விளிம்பின் மரையில்
சுற்றி ஒட்டிக்கொண்டு, சிவப்பாய்,
வெளிச்சம் பட்டதும் சுருங்கியது.
பக்கத்தில் எலுமிச்சை வடிவில்
எள்ளைவிடச் சற்றே பெரிதாய்
ஒரு கூடு.
கூட்டுக்கும் கட்டமில்லை.

ஈர விரலால் இரண்டையும் எடுத்து,
முதல் தொட்டியின் ஓரத்தில் குழி தோண்டி விட்டு,
கையைத் துடைத்து,
ஐம்பது என்று எழுதி,
தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்து,