நிர்வாகியின் கடவுச்சொல்

பஹாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
பல் டாக்டருக்கும் நம்பர் கடைக்கும் நடுவில்
என் கடை.
செம்பனை ஆலை கழித்துப்போட்ட மடிக்கணினிகளை
எடைக்கு வாங்குவேன்.
தூசு ஊதி, ரேம் மாற்றி,
லினக்ஸ் மின்ட் போட்டு
இருநூற்று எண்பது வெள்ளிக்கு விற்பேன்.
பச்சை இலைப் படம். மூலையில் மெனு.
தொட்டால் திறக்கும்.
வைரஸ் வருமா என்று கேட்பவர்களிடம்
வராது என்பேன்.
முக்கால் உண்மை.

தவநேசன் சிரம்பானிலிருந்து மோட்டாரில் வருவான்,
ஆர்ச் போட்ட பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு.
வைஃபையை எழுப்பவே இரண்டு இரவு விழித்தவன்.
"நீ விக்கிறது சுதந்திரம் இல்லடா, நடைவண்டி.
எது இருக்கணும், எது எங்க இருக்கணும்னு
எவனோ எங்கேயோ முடிவு பண்ணிட்டான்.
உன் ஆளுங்க தள்ளிக்கிட்டுப் போறாங்க."

மீ கோரெங்கைக் கிளறியபடி நான் சொல்வேன்:
நடைவண்டியில் யாரும் காலைக் கட்டிவைப்பதில்லை.
விட்டுவிட்டு ஓட நினைத்தால் ஓடலாம்.
கறுப்புத் திரை உள்ளேதான் இருக்கிறது,
மூன்று விசை தூரத்தில்.

நன்றாகத்தான் சொன்னேன்.
ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

கடை சாத்தும் நேரம், மழை.
ஆலை எடைமேடையில் வேலை பார்க்கும் கோகிலவாணி
மழைக்கோட்டுக்குள்ளிருந்து கணினியை எடுத்தாள்.
"இதப் படிங்கண்ணே."
ஆங்கிலத்தில் ஒரு வரி.
படிக்கச் சொன்னவள் அவளே தமிழில் சொன்னாள்:
உன் பெயர் பட்டியலில் இல்லை.
இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும்.

"யாருகிட்ட புகார்?"

கணக்கெழுத ஒரு நிரல் போடப் பார்த்திருக்கிறாள்.
பட்டியல் என்றால் அவளுக்குத் தெரியும்.
பெயர் இல்லாத லாரிக்கு
தடுப்புக் கட்டையைத் தூக்காதவள் அவள்தான்.

நாற்பத்து மூன்று கணினி விற்றிருக்கிறேன்.
நாற்பத்து மூன்றிலும் நிர்வாகி நான்.
ஒரே கடவுச்சொல், என் மோட்டார் நம்பர்.
தெரியாமல் எதையாவது அழித்துவிடுவார்கள் என்றுதான்,
என்று ஆரம்பித்தேன்.
அழித்துவிட்டு இலவசமாகப் பழுது பார்க்கச் சொல்வார்கள்
என்பது மீதி.
மின்ட் பூட்டவில்லை.
தவநேசன் சொன்ன எவனோ எங்கேயோ
இங்கே, நம்பர் கடைக்குப் பக்கத்தில்
உட்கார்ந்திருக்கிறான்.

அவள் சத்தம் போடவில்லை.
"குவாட்டர்ஸ்ல ஒரு ஆணி அடிக்க
நிர்வாகிகிட்ட கேக்கணும்ணே.
சரி, அது அவங்க சுவரு.
இதுக்கு நான் காசு குடுத்தேன்."

மோட்டார் நம்பரைத் தட்டினேன்.
அவள் பெயரைப் பட்டியலில் ஏற்றினேன்.
என் பெயரை எடுத்தேன்.
"நீங்களே ஒரு சொல் வையுங்க. எங்கிட்ட சொல்லாதீங்க"
என்று தெருப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
குலை ஏற்றிய லாரி ஒன்று
பள்ளத்தில் இறங்கி ஏறியது.
கேட்காமல் இருக்க முடியவில்லை:
பதினான்கு தட்டு.

மற்றவர்களின் எண்கள் ரசீதுப் புத்தகத்தில் இருந்தன.
பதினொரு பேரைக் கூப்பிட்டுவிட்டேன்.
நான்கு பேர், "வேணாம்ணே,
நீங்களே வெச்சிருங்க" என்றார்கள்.
அது நம்பிக்கையா, சோம்பலா,
நான்தான் பழக்கிவிட்டேனா,
தெரியவில்லை.
வற்புறுத்திச் சாவி கொடுப்பதும்
ஒரு மாதிரி நிர்வாகம்தானே.
தவநேசனிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை, இரவு பத்தே கால்.
"அண்ணே, திரை வரல.
கறுப்பா இருக்கு, ஒரு கோடு மட்டும் மின்னுது.
நான்தான் கெடுத்தேன்."

புது வீட்டுச் சாவி வாங்கிய மறுநாளே
சமையலறைச் சுவரை இடித்தவர்களுக்கு
இப்படி ஒரு குரல் இருக்கும்.

நாளைக்கு வருகிறேன் என்றேன்.
"வர வேணாம்.
என்ன தப்பாச்சுன்னு அது எங்க எழுதி வெச்சிருக்கும்,
அத மட்டும் சொல்லுங்க."