பதிவு வயது

புன்டா அரினாஸில் காற்று
ஆளைக் கேட்காமல் தொப்பியை எடுக்கும்.
தொப்பியைக் கையில் பிடித்தபடியே வந்தார்
நொல்பெர்த்தோ ஒயார்சோ,
நீரிணைப் படகில் எஞ்சின் பார்ப்பவர்.
படிக்க ஒரு கண்ணாடி போதும் என்றார்,
எழுத்தெல்லாம் வர வரச் சிறுக்கிறதாம்.

சொட்டு விட்டேன்.
எரிகிறது என்றார். எரியும் என்றேன்.
இருபது நிமிடம், சுவரில் போன வருடக் காலண்டர்.
தாடையை இங்கே வையுங்கள்,
பச்சைப் புள்ளியைப் பாருங்கள், இமைக்காதீர்கள்.

மின்னல்.

திரையில் செம்மஞ்சள் வட்டம்.
கத்தி படாமல் இரத்தக் குழாயை நேரில் பார்க்க
உடம்பு திறந்துவைத்த ஜன்னல்.
ஆறு வருடமாய்ப் பார்க்கிறேன், பழகவில்லை.
தமனி சிரையைத் தாண்டும் இடத்தில் ஒரு நெருக்கல்,
தோட்டத்துக் குழாயை யாரோ மிதித்தாற்போல்.
அது எனக்கே தெரிந்தது.
தெரியாததைப் புது மென்பொருள் சொன்னது:
இதயம், பத்தாண்டுக்குள், நூற்றுக்கு இருபத்தெட்டு.
சிறுநீரகம், கவனிக்க.
விழித்திரையின் வயது, அறுபத்து மூன்று.

அடையாள அட்டையில் ஐம்பத்தெட்டு.

"ஐந்து கூட்டிச் சொல்கிறது," என்றேன்,
கெட்ட செய்திக்கென்று வைத்திருக்கும் குரலில்.
அவர் சிரித்துவிட்டார்.
"அதில் இரண்டு என் அப்பாவுடையது.
சிலோயேவில் எங்கள் தீவுக்குப் பதிவாளர் வரமாட்டார்.
உருளைக்கிழங்கு விற்கப் போன அன்று
என்னையும் எழுதிவைத்தார்.
அந்த அலுவலகத்துக்குள் நானே நடந்து போனேனாம்.
இந்தக் காகிதத்தைக் காட்டி
ஓய்வூதியத்தைச் சீக்கிரம் கேட்கலாமா?"

"மீதி மூன்று?"

வெளியே ஏதோ தகரம் உருண்டு போனது.
அவர் விரல்கள் சட்டைப் பைக்குப் போயின,
சிகரெட் பெட்டியின் விளிம்பைத் தொட்டன,
திரும்பின.
"அது என்னுடையது."

இதய மருத்துவருக்குக் கடிதம் அடித்தேன்.
செவ்வாய், காலை எட்டரை, வெறும் வயிறு.
நீட்டிய பிறகுதான் நினைவு வந்தது,
விரிந்த கண்ணால் அவரால் படிக்க முடியாது.
நானே வாசித்தேன்.
நூற்றுக்கு இருபத்தெட்டு என்ற இடத்தில்
குரல் தானாக வேகம் எடுத்தது.
"அந்த வரி மறுபடி," என்றார்.

வாசல் வரை கொண்டுவிட்டேன்.
பட்டப்பகல். எதிரே துறைமுகம்,
அவருக்கு அது வெறும் வெள்ளை.
ஒரு கையில் என் தோள், ஒரு கையில் கடிதம்.
தொப்பியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை.
போய்விட்டது.

"எந்தப் பக்கம்?" என்றார்.
"கடல் பக்கம்."
"தெரிகிறதா இன்னும்?"
தெரிந்தது. கொஞ்ச நேரம்
நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்டுவந்த கண்ணாடியை
நாங்கள் இருவருமே மறந்திருந்தோம்.