ஒரு புள்ளி அதிகம்

ஷமால் அடங்கி இரண்டு நாள் ஆகியும்
பஹாஹீலில் தூசு
வாடகை கொடுக்காமல் வீட்டுக்கு வீடு தங்கியிருந்தது.
ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டு திணித்தேன்.
தரையில் தண்ணீர் தெளித்தேன்.
ஏசியை அணைத்துவிட்டு
பக்கத்து அறை கமர்நிஷாவிடம்
இன்றைக்கு அப்பளம் பொரிக்காதே என்றேன்.
எண்ணெய்ப்புகை பட்ட இடத்தில்
எபாக்சி ஒதுங்கி வட்டமாய்க் குழிந்துகொள்ளும்.
அதற்கு மீன்கண் என்று பேர்.
பெண்ணுக்கு இருந்தால் பாட்டுக் கட்டுவார்கள்,
தூண்டில்கோலுக்கு இருந்தால் காசு தரமாட்டார்கள்.

பகலில் நான் பல் கட்டும் லேபில்.
யார் யாருடையதோ கடைவாய்ப் பற்களுக்கு
மெருகு போட்டுப் பிழைக்கிற கை.
இரவில் இந்தக் கோல்:
ஏழடி, எட்டு வளையம், கருநீல நூல்,
ஓரத்தில் செம்பு நிறம் நாலு சுற்று.
கைப்பிடிக்கு மேலே
அபூ ஜர்ராஹ் தாளில் எழுதிக் கொடுத்த
அவர் படகின் பெயர்.
ரஹ்மா. கருணை.
தெரியாத எழுத்து. எழுதவில்லை, வரைந்தேன்,
அடிப்பூச்சின் மேல் வெள்ளி மசியில்,
வலமிருந்து இடமாக.

மேல்பூச்சு தடவி மோட்டாரில் மாட்டினேன்.
நிமிடத்துக்கு ஒன்பது சுற்று.
லேபிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட் விளக்கை
அடியில் ஒருமுறை காட்ட
குமிழிகள் மேலேறி ஒவ்வொன்றாய் உடைந்தன.
சுற்றவிட்டுப் படுத்தேன்.

காலையில் கண்ணாடி.
கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தேன்,
வழிசல் இல்லை, மேடு இல்லை, மீன்கண் இல்லை.
இரண்டாம் எழுத்தின் தலைமேல் மட்டும்
ஒரு தூசு. கடுகில் பத்தில் ஒன்று.
கடலில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று
படம் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பல் பெட்டிகளை ஏற்றிப்போகிற ஸப்ரி
படத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து
டிஷ்யூவால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.
"மேடம், யாரைத் திட்டுகிறீர்கள்?"
கடைசி எழுத்தின் இரண்டு புள்ளிகள் சொந்தமாம்.
இது வந்து சேர்ந்ததாம்.
ஹா தலையில் புள்ளி ஏறினால் கா.
ரஹ்மா இல்லை, ரக்மா.
பிணம் தின்னும் பாறு.
இந்த ஊர்ப் பேச்சில், தொடைநடுங்கி.

எங்கள் எழுத்தில் புள்ளி வைத்தால்
ம வாயை மூடி ம் ஆகும், அவ்வளவுதான்.
இங்கே ஒரு தூசு
கருணைக்கு இறக்கை முளைக்கவைத்துப்
பிணத்தின் மேல் உட்காரவைக்கிறது.
பாலைவனத்துக்கு எழுதப்படிக்கத் தெரியும் போலிருக்கிறது.

அவர் வருவது வியாழன். இன்று புதன்.
தூசு மேல்பூச்சில் இருந்தால் தப்பித்தேன்,
அடியில் இருந்தால் எழுத்தும் போகும், நூலும் போகும்,
வளையத்தைக் கழற்றி முதலிலிருந்து.
கோலை விளக்குக்கு நேரே சாய்த்தேன்.
தூசின் நிழல்
தூசை விட்டுக் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தது.
நிழல் விழ இடம் இருக்கிறதென்றால்
பிளேடு போக இடம் இருக்கிறது.

புது பிளேடைப் பாதியாய் ஒடித்து,
கடிக்கும்போது இடிக்கிற பல்லைக் குறைக்கும்
அதே விரல் கணக்கில் சீவினேன்.
நகத்துணுக்குபோல் சுருண்டு விழுந்தது.
நாலாவது சீவலில் அது வந்துவிட்டது.
பிறகு அறுநூறு நம்பர்த் தாளை நனைத்து
கட்டு முழுவதையும் தேய்த்தபோது
பளபளப்போடு பெயரும் மங்கிக் காணாமல் போனது.
வயிற்றில் ஓர் இழுப்பு.
அப்பளமில்லாத இன்னோர் இரவு,
கமர்நிஷா ஒன்றும் சொல்லவில்லை,
பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.
தூரிகை போன வழியே
முதலில் ரா, பிறகு ஹா, தலையில் ஒன்றும் இல்லாமல்,
ஆழத்தில் மீன் புரளுவதுபோல்
வெள்ளி காட்டியது.

அபூ ஜர்ராஹ் கோலை வாங்கி
நுனியைக் கூரையில் அழுத்தி வளைத்தார்.
ஒற்றைக் கண்ணை மூடி
வளையங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்தார்.
பெயர்ப்பக்கம் திரும்பவே இல்லை.
பத்து தினார் குறைக்கச் சொன்னார்.
ஐந்து குறைத்தேன்.

கதவைச் சாத்திவிட்டுச்
சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தேன்:
இப்போது பொரி.